தேசிய சைபர் பாதுகாப்பு முகமைத் தலைவர்: முதல் 100 நாளில் எதில் கை வைப்பது?

தொடுவானம் (இழையைத் தொடங்கியவர்):

சட்டம் நிறைவேறிவிட்டது, முகமை அறிவிக்கப்பட்டுவிட்டது, தலைவரும் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 60 பேர், ஒரு மாடி அலுவலகம், அடுத்த பட்ஜெட் வரைக்கும் பணம். கேட்கிற இடத்தில் எல்லாம் "தேசிய உத்தி ஆவணம் எழுது, பெரிய திரை வைத்துக் கண்காணிப்பு அறை கட்டு" என்றுதான் சொல்கிறார்கள். அதை விடுங்கள். உண்மையில் எது முன், எது பின்? குறிப்பாக மூன்று கேள்வி: முகமை யாருக்குக் கீழ் இருக்க வேண்டும்? தாக்குதல் நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்வது? உத்தரவு போடும் அதிகாரம் வேண்டுமா, வேண்டாமா?

கலங்கரை:

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தலைவர் வருவதற்கு முன்பே அது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். பிரிட்டனின் சைபர் முகமையான என்.சி.எஸ்.சி. 2016-இல் ஜி.சி.எச்.க்யூ. என்ற உளவு அமைப்பின் அங்கமாகவே தொடங்கியது. பிரான்ஸின் ஆன்ஸி (2009) பிரதமருக்குக் கீழ் உள்ள பாதுகாப்புச் செயலகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் பி.எஸ்.ஐ. (1991) உள்துறையில். அமெரிக்காவின் சிசா (2018) உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில்.

உளவு அமைப்புக்குள் இருந்தால் தகவல் கொட்டும், ஆளும் கிடைப்பார்கள். ஆனால் ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தவர் அதை உங்களிடம் சொல்லத் தயங்குவார். அடைக்கச் சொல்வார்களா, தாங்களே பயன்படுத்திக்கொள்ள எடுத்து வைப்பார்களா என்ற சந்தேகம் அவருக்கு இருக்கும். சந்தேகம் வீண் இல்லை. 2017-இல் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது, அமெரிக்க உளவு அமைப்பிடமிருந்து கசிந்த ஓட்டையின் வழியாகத்தான். அதனால் உள்ளே இருக்கிற முகமை, எந்த ஓட்டையை யார் எந்த அடிப்படையில் வைத்துக்கொள்ள முடிவெடுப்பார்கள் என்பதை எழுதி வெளியிட வேண்டும். பிரிட்டன் 2018-இல் வெளியிட்டது. வெளியே இருக்கிற முகமைக்கு இந்தத் தலைவலி குறைவு. பதிலுக்கு, தகவலுக்காக ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

எங்கே இருந்தாலும் சரி, ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது: அபராதம் போடுகிற கையும் உதவிக்கு வருகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது.

மூன்றாம்ஷிப்ட்:

கலங்கரை கடைசியில் சொன்ன வரியில்தான் எல்லாம் இருக்கிறது. தலைவரின் சொத்து அந்தப் பெரிய திரை இல்லை. அடிபட்டவன் முதல் ஒரு மணி நேரத்தில் உங்களுக்குப் போன் போடுகிறானா? அதுதான் அளவுகோல். போன் வராத முகமை பத்திரிகையைப் பார்த்துத்தான் தாக்குதலைத் தெரிந்துகொள்ளும்.

நிறுவனத்தின் வக்கீல் முதலில் சொல்வது "வாயைத் திறக்காதே" என்பதுதான். அவரைச் சமாளிக்க வாய்மொழி உறுதி போதாது, எழுத்தில் ஒன்று வேண்டும். 2023 செப்டம்பரில் என்.சி.எஸ்.சி.யும் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. ஒரு நிறுவனம் நம்பிக்கையாகச் சொன்னதை, அதன் சம்மதம் கேட்காமல் என்.சி.எஸ்.சி. ஆணையத்திடம் கொடுக்காது. தாக்குதலைத் தெரிவிக்கச் சொல்லும் அமெரிக்காவின் 2022 சட்டத்திலும் இதே மாதிரி ஒரு பாதுகாப்பு இருக்கிறது: தாக்குதலைப் பற்றிக் கொடுத்த அறிக்கையை மட்டும் வைத்து அந்த நிறுவனத்தின் மேல் ஒழுங்குமுறை நடவடிக்கை எடுக்கக் கூடாது. முதல் மாதத்திலேயே இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். உத்தி ஆவணம் ஆறு மாதம் காத்திருக்கலாம்.

விதிமுறை:

மணிக்கணக்குக்கு வருகிறேன்.

இந்தியாவின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவில் 6 மணி நேரம். சிங்கப்பூரில் முக்கிய உள்கட்டமைப்புக்கு 2 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டமான நிஸ்-2 படிக்கட்டு மாதிரி போகிறது: 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் முறையான அறிவிப்பு, அதன்பின் ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை.

என் பார்வையில் படிக்கட்டுதான் சரி. ஒரே காலக்கெடு மட்டும் வைத்தால், அது குறுகக் குறுக அறிக்கையின் தரம் கெடும். 6 மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. "விசாரணை நடக்கிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று போய்விடுவார்கள். படிக்கட்டில் முதல் படிக்கு வெறும் தகவல் போதும் என்பது சட்டத்திலேயே இருப்பதால், பயமில்லாமல் சொல்வார்கள். இன்னொன்று, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். தாக்குதல் நடந்தபோதா, சந்தேகம் வந்தபோதா, உறுதியானபோதா? இதை விட்டுவிட்டால் எல்லாச் சண்டையும் அங்கேதான் நடக்கும்.

லாக்வாசகன்:

படிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நல்ல சட்டத்தையும் கெட்ட படிவம் கவிழ்த்துவிடும்.

முதல் அறிவிப்புக்கு ஆறு கட்டம் போதும். நிறுவனம். இப்போதே பேசக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும். எப்போது கவனித்தீர்கள், நேர மண்டலத்தோடு. கண்ணில் பட்டது என்ன. எந்தச் சேவை நின்றது. இதை யாரோடு பகிரலாம்.

எண் என்றால், அடிபட்ட நெட்வொர்க்கில் ஓடாத எண். அலுவலக மேசை போன் இப்போதெல்லாம் அதே நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது. அது செத்துக் கிடக்கும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவன் கேட்டுக்கொண்டிருப்பான். மின்னஞ்சலும் அப்படித்தான்.

"பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை" என்பதைக் கட்டாயக் கட்டமாக வைக்காதீர்கள். தெரியும் வரை அனுப்பாமல் வைத்திருப்பார்கள், அல்லது 1 என்று போடுவார்கள். "தாக்குதலின் வகை" என்று பட்டியல் வைத்தால் முக்கால்வாசிப் பேர் "மற்றவை"யைத் தட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "இன்னும் தெரியவில்லை" என்று ஒரு தேர்வு இருக்கட்டும்.

பகிர்வுக் கட்டத்துக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். டி.எல்.பி. என்ற வண்ணக் குறியீடு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது, 2022-இல் 2.0 பதிப்பு வந்தது. சிவப்பு என்றால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர் காதோடு நிற்க வேண்டும். ஆம்பர் என்றால் நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும், தெரிந்தாக வேண்டியவர்கள் மட்டும். பச்சை என்றால் துறைக்குள். தெளிவு என்றால் ஊருக்கே சொல்லலாம். ஒரே ஒருமுறை சிவப்பை வெளியே விட்டால் போதும், அந்தத் துறையிலிருந்து அப்புறம் போன் வராது.

இரும்புக்கதவு:

எல்லோரும் நம்பிக்கை நம்பிக்கை என்று பேசுகிறீர்கள். கொஞ்சம் குறுக்கிடுகிறேன்.

வான்னாக்ரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் மே 12. இடையில் மார்ச் 17-லும் ஏப்ரல் 28-லும் பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. ஆனாலும் இங்கிலாந்தில் இருந்த 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80-க்கு அடி விழுந்தது. பிறகு தணிக்கை அலுவலகம் பார்த்துச் சொன்னது, எச்சரிக்கையின்படி செய்தார்களா என்று சரிபார்க்க முறையான ஏற்பாடே இல்லை என்று. அதற்கு முன் நேரில் போய் ஆய்வு செய்த 88 இடங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அறிவுரை அனுப்புவது அஞ்சல்காரர் வேலை. செய்தாயா என்று கேட்கும் அதிகாரமும், செய்யவில்லை என்றால் பிடுங்கி வெளியே வை என்று சொல்லும் அதிகாரமும் வேண்டும். குறைந்தது அரசுத் துறைகளின் மேலாவது.

கலங்கரை:

அரசுத் துறைகளின் மேல் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. தனியாரின் மேல் உத்தரவு போடுவதை அந்தந்தத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பே செய்யட்டும். மின்சாரத்துக்கு மின்சாரம், வங்கிக்கு வங்கி.

உத்தரவு போடுவதிலும் கணக்கு இருக்கிறது. ஆபத்து மதிப்பெண் 9-க்கு மேல் இருப்பதை எல்லாம் 15 நாளில் அடை என்றால் எதுவும் நடக்காது, அவ்வளவு ஓட்டை வருகிறது. சிசா 2021 நவம்பர் 3 அன்று வேறு வழிக்குப் போனது. உண்மையில் தாக்கப் பயன்படுகிற ஓட்டைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல். அதில் சேர மூன்று நிபந்தனை: சி.வி.இ. எண் (ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் அடையாள எண்) இருக்க வேண்டும், யாரோ அதை வைத்துத் தாக்கியதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், செய்ய வேண்டிய காரியம் தெளிவாக இருக்க வேண்டும். புது ஓட்டைக்கு அந்த உத்தரவு வைத்த கெடு 2 வாரம், பழையவற்றுக்கு 6 மாதம். கட்டாயம் அமெரிக்க மத்திய அரசின் சிவில் துறைகளுக்கு மட்டும்தான். ஆனால் தனியாரும் அந்தப் பட்டியலைப் பார்த்தே வேலையை வரிசைப்படுத்துகிறார்கள். அதிகாரம் குறுகியது, பட்டியல் பொதுவானது. நல்ல அமைப்பு என்றால் இதைச் சொல்வேன்.

மூன்றாவது நிபந்தனையை அலட்சியம் செய்யாதீர்கள். "எச்சரிக்கையாக இருங்கள்" என்று சொல்வதெல்லாம் உத்தரவு ஆகாது.

லாக்வாசகன்:

அவசர உத்தரவின் வாசகத்துக்கு ஒரு நல்ல மாதிரி, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சோலார்விண்ட்ஸ் மென்பொருளின் அப்டேட்டுக்குள் எதிரி புகுந்த விஷயத்தில் 2020 டிசம்பர் 13 அன்று சிசாவிடமிருந்து வந்தது. எந்தத் தயாரிப்பு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை என்று இருக்கும். திறமை உள்ள துறைகள் நினைவகத்தையும் டிஸ்க்கையும் படியெடுக்க வேண்டும், பாதிக்கப்பட்ட பதிப்பை உடனே துண்டிக்க வேண்டும், மறுநாள் மதியத்துக்குள் அறிக்கை. முழுவதும் இரண்டு மூன்று பக்கம்தான்.

படியெடுப்பதைத் தெளிவாக எழுதாமல் விட்டால், எல்லோரும் முதலில் பவரை அணைப்பார்கள். நினைவகத்தில் இருந்தது அதோடு போச்சு. எதிரி என்ன செய்தான் என்று பிறகு ஊகிக்கத்தான் முடியும்.

இன்னொன்று: 2024 ஜனவரி கடைசியில் இவாண்டி நிறுவனத்தின் வி.பி.என். பெட்டிகளை (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய வழி தரும் கருவிகள்) சுமார் 48 மணி நேரத்தில் பிடுங்கச் சொன்ன அதே சிசாவுக்குள்ளும், இவாண்டி ஓட்டை வழியாக ஆள் நுழைந்து, இரண்டு அமைப்புகளை இணைப்பிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. முகமையின் சொந்த வாசலிலும் அதே பெட்டிதான் மாட்டியிருக்கும். தலைவர் முதல் வாரத்திலேயே சொந்த அலுவலகத்தை வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிக்கட்டும். அந்த அறிக்கை நேராக அவர் மேசைக்கு வரட்டும்.

தொடுவானம்:

போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுப்பவர் என்ன கேட்பார்? 60 பேரில் எத்தனை பேரை இதற்கு ஒதுக்குவது?

மூன்றாம்ஷிப்ட்:

முதலில் ஆள் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், ஒரு நாற்காலிக்கு 4.2 ஆள். விடுப்பு, பயிற்சி, உடம்பு சரியில்லை என்று எல்லாம் சேர்த்தால் 5-க்கு மேல். இரவில் ஒருவரைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது, ஆக இரண்டு நாற்காலிக்கு 11 பேர். 60-இல் 11 இதற்கே போய்விட்டது. "24 மணி நேரச் சேவை" என்று 5 பேரை வைத்து அறிவிக்கிற முகமை, எட்டாவது மாதம் ராஜினாமாக் கடிதங்களை வாங்கிக்கொண்டிருக்கும். முடியாது என்றால், இரவில் போன் எடுக்க ஒரு சுழற்சியும், எழுப்பப்பட வேண்டிய நிபுணர்களுக்கு இன்னொரு சுழற்சியும் என்று நேர்மையாகப் போட்டுவிடுங்கள்.

இனி போன். கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்று வைத்துக்கொள்வோம். எடுப்பவர் இந்த வரிசையில் கேட்கிறார்.

எதிலிருந்து பேசுகிறீர்கள்? அலுவலக போன் என்றால், வைத்துவிட்டுச் சொந்தக் கைபேசியில் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

பூட்டும் வேலை இன்னும் ஓடுகிறதா? ஓடினால் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) அணைக்காமல் அப்படியே நிறுத்தி வையுங்கள். நினைவகம் அப்படியே படிந்திருக்கும், சில சமயம் சாவியும் அதில் இருக்கும்.

பேக்கப் சர்வர் எங்கே? அது மற்றக் கணினிகளை ஆளும் அதே டொமைனில், அதே நிர்வாகிக் கணக்குகளின் கீழ், சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால், மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதன் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். எதிரி பேக்கப்பைத்தான் தேடுவான்.

ஃபயர்வால், வி.பி.என். லாக்கை, அதாவது நடந்ததன் பதிவை, வெளியே எடுத்தீர்களா? பெட்டிக்குள் இருக்கும் இடம் சின்னது, தாக்குதல் நேரத்துப் பரபரப்பில் சில மணி நேரத்திலேயே பழையது அழிந்துவிடும்.

எந்த இயந்திரத்தையாவது மறுபடி நிறுவினீர்களா? இங்கேதான் பெரும்பாலும் பெருமூச்சு வரும். நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் மூன்றைத் துடைத்திருப்பார்.

கடைசியில் ஒரு எச்சரிக்கை: அவசரப்பட்டு நிர்வாகி பாஸ்வேர்டை மட்டும் மாற்றாதீர்கள். எதிரிக்குப் பத்து வாசல் இருந்து நீங்கள் ஒன்றை அடைத்தால், மற்ற ஒன்பதையும் அவன் பத்திரப்படுத்திக்கொள்வான். வாசல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒரே நாளில் அடைக்க வேண்டும். அன்றைக்கு, விண்டோஸ் நெட்வொர்க்கின் கணக்குகளை ஆளும் ஆக்டிவ் டைரக்டரியில், நுழைவு டிக்கெட்டுகளுக்கு முத்திரையிடும் கேர்ப்டிஜிடி கணக்கின் பாஸ்வேர்டையும் இரண்டு முறை மாற்ற வேண்டும். முந்தைய பாஸ்வேர்டும் செல்லுபடியாகும் என்பதால் ஒரு முறை போதாது. இரண்டுக்கும் இடையே வழக்கமாக 10 மணி நேரத்துக்கு மேல் விடுவார்கள், டிக்கெட்டின் ஆயுள் அவ்வளவு. இடைவெளி விடாமல் மாற்றினால் சேவைகள் எல்லாம் ஒன்றாகக் கீழே விழும்.

விதிமுறை:

பணம் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அதே போனில் வரும். முகமை "கொடு" என்று சொல்லவே கூடாது, "கொடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனையும் வைக்கக் கூடாது. அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் 75 பிட்காயின் கொடுத்தது. பதிலுக்கு வாங்கிய பூட்டு திறக்கும் கருவி மெதுவாக ஓடியதால் தங்கள் பேக்கப்பையே நம்ப வேண்டி வந்தது. ஆனால் காவல் தரப்புக்கு உடனே சொன்னதால், ஜூன் மாதம் 63.7 பிட்காயினைக் கைப்பற்ற முடிந்தது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சொல்லிவிடு, பணம் போன முகவரியைக் கொடு என்பதே அந்த இரவில் கேட்க வேண்டியது.

புதியவன்23:

செர்ட்-இன்னின் அதே உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறதே, அது அதிகம் இல்லையா? செலவு எக்கச்சக்கமாக ஆகுமே.

லாக்வாசகன்:

அயர்லாந்தின் சுகாதாரச் சேவைக்குள் ஆள் நுழைந்தது 2021 மார்ச் 18, பூட்டு விழுந்தது மே 14. 57 நாள். 30 நாள் லாக் வைத்திருந்தால் நுழைவாசலே தெரியாமல் போயிருக்கும். சோலார்விண்ட்ஸில் விஷம் கலந்த அப்டேட் வசந்தகாலத்தில் போனது, டிசம்பரில்தான் தெரிந்தது. அங்கே 180-உம் போதாது.

எல்லா லாக்கையும் வைக்க வேண்டியதில்லை. உள்நுழைவு, டி.என்.எஸ். (எந்தக் கணினி எந்த இணையப் பெயரைத் தேடியது), வி.பி.என்., நிர்வாகி செயல்கள், இந்த நான்கையும் நீண்ட நாள் வையுங்கள். ஃபயர்வாலின் அன்றாட ஓட்டத்தைக் குறைந்த நாள். எல்லாக் கடிகாரமும் ஒரே நேரமூலத்தோடு ஒத்துப்போக வேண்டும், நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்க வேண்டும்.

கூடவே ஒன்று. நம் நாட்டு முகவரிகளில் தொற்று இருக்கிறது என்று ஷேடோசர்வர் அறக்கட்டளை தேசிய முகமைகளுக்குத் தினமும் இலவசமாகப் பட்டியல் அனுப்பும். வாங்குவது சுலபம், அதை உரியவரிடம் சேர்ப்பதுதான் வேலை. ஒரே பொது ஐ.பி.யை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், முகவரியும் தேதியும் மட்டும் கொடுத்தால் இணையச் சேவை நிறுவனம் கையை விரிக்கும். நொடி வரை நேரமும், ஒரே ஐ.பி.க்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் மூலப் போர்ட் எண்ணும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போர்ட் எண்ணைப் பதிவு செய்யாத நிறுவனத்திடம் எந்த உத்தரவும் பலிக்காது. லாக் விதியை எழுதும்போதே அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

கலங்கரை:

தலைவர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று பாக்கி இருக்கிறது: வெளியே பேசுவது.

2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான அப்டேட் யு.டி.சி. 04:09-க்குப் போனது, 05:27-க்குத் திருத்தினார்கள். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. அன்று காலை அரசுகள் கேட்டது ஒரே கேள்வி, "இது தாக்குதலா, கோளாறா?" அதற்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல, அந்த நிறுவனத்தில் யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முதல் அறிக்கையில் மூன்று சங்கதி போதும்: நமக்குத் தெரிந்தது, இப்போது செய்ய வேண்டியது, அடுத்து எத்தனை மணிக்குப் பேசுவோம். யார் செய்தது என்பதை முதல் நாளில் தொடவே கூடாது. அதைச் சொல்வது அரசின் முடிவு, முகமை ஆதாரத்தை மட்டும் கொடுக்கும்.

அரசுக்குப் பிடிக்காததைச் சொல்லவும் நேரும். 2020 அமெரிக்கத் தேர்தல் பாதுகாப்பாக நடந்தது என்று சிசா நின்றது. அதன் முதல் இயக்குநர் கிறிஸ் கிரெப்ஸை நவம்பர் 17 அன்று அதிபர் நீக்கினார். பதவிக்காலமும், நீக்கினால் எழுத்தில் காரணம் என்பதும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். இதைத் தலைவர் பதவியேற்ற பிறகு கேட்டால் தனக்காகக் கேட்பதுபோல் ஆகிவிடும். நியமனத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இரும்புக்கதவு:

சரி, சமாதானம். உத்தரவு அரசுத் துறைக்கு, தொலைபேசி எல்லோருக்கும். ஆனால் அந்தத் தொலைபேசிப் பட்டியலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பகிர்வு டிரைவில்தானே?

மூன்றாம்ஷிப்ட்:

காகிதத்தில். அயர்லாந்தில் மின்னஞ்சலே நின்றுபோய்ப் பேனாவும் தாளும் எடுத்தார்கள். முக்கியமான நிறுவனம் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், ஒருவர் தொழில்நுட்பம், ஒருவர் முடிவெடுக்கக்கூடியவர். அதோடு எல்லா இணையச் சேவை நிறுவனங்களும், பக்கத்து நாட்டு முகமைகளும், நாட்டின் இணையப் பெயர்களைப் பதியும் டொமைன் பதிவகமும். மூன்று பிரதி: ஒன்று இரவு மேசையில், ஒன்று தலைவர் வீட்டில், ஒன்று வேறு கட்டடத்தில்.

3 மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், இரவு 2 மணிக்குப் பட்டியலிலிருந்து பத்து எண்ணைக் கூப்பிடுங்கள். எடுக்காதவை, வேலையை விட்டுப் போனவர்கள், வரவேற்பறைக்குப் போகிற எண்கள் என்று முதல் முறை பாதிக்கு மேல் தேறாமல் போகலாம். அதற்கெல்லாம் மறுநாள் காலை தலைவரே அந்தந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியைக் கூப்பிட்டு "உங்கள் எண் எடுக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். உதவியாளர் சொன்னால் எண் மாறாது.

தொடுவானம்:

அந்தப் பத்தில் முகமையின் இரவு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். வெளியிலிருந்து, தெரியாத எண்ணில்.